மத்திய ஆசியப் பெண்களின் திரைப்படங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சோவியத் படங்களில் பெண்கள் முகத்திரையைக் கழற்றி எறியும் காட்சியைக் கண்டதும் அதை விடுதலையின் நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்வதே இத்துறையில் எழுதுவோர் அடிக்கடி செய்யும் தவறு. 1927 மார்ச் 8 அன்று, 'தாக்குதல்' என்று பொருள்படும் 'ஹூஜும்' என்னும் முகத்திரை ஒழிப்பு இயக்கத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி உஸ்பெகிஸ்தானில் தொடங்கியது. தலையிலிருந்து பாதம் வரை தொங்கும் கனத்த மேலங்கியான பரஞ்சாவுக்கு முதுகுப்புறம் பிணைத்துவிடப்பட்ட நீண்ட பொய்க்கைகள் உண்டு. முகத்தை மறைக்கும் சாச்வான் குதிரை மயிரால் நெய்யப்பட்டது. இவற்றை நாற்சந்தியில் குவித்துத் தீயிடுவது கேமராவுக்கு வாகான காட்சிதான். ஆனால் அந்தப் பெண்கள் வீடு திரும்பிய பிறகு என்ன ஆனார்கள் என்பதைப் பிரசாரப் படங்கள் காட்டவில்லை. முகத்திரையைத் துறந்த பலர் கொலையுண்டார்கள். மேடையில் பரஞ்சாவைக் களைந்த மர்கிலான் நகர நடனக் கலைஞர் நூர்கான் யுல்தாஷேவாவை 1929இல் உடன்பிறந்தவனே கொன்றான்.

அதற்காக, எல்லாமே மாஸ்கோவின் திணிப்பு என்று முடித்துவிடுவதும் தவறு. 1917 ரஷ்யப் புரட்சிக்கு முன்பே, நவீனக் கல்வியை வலியுறுத்திய 'ஜதீத்' என்னும் முஸ்லிம் சீர்திருத்தவாதிகள் பெண்கல்விக்காக வாதாடினார்கள். தாமே விரும்பிப் பள்ளிக்கும் மேடைக்கும் வந்த பெண்களின் துணிவை நம் காலனிய எதிர்ப்பு மறைத்துவிடக் கூடாது.

மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளையும் ஒரே முகத்திரைக்குள் அடக்குவது இன்னொரு பிழை. சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவின் 'லெனினைப் பற்றிய மூன்று பாடல்கள்' (1934) கிழக்கையே முகத்திரை அணிந்த பெண்ணாகக் காட்டித் தொடங்குகிறது. உண்மையில் கசாக், கிர்கிஸ் நாடோடிப் பெண்கள் பரஞ்சா அணிந்ததில்லை. கசாக் மக்களின் ஆறாத காயம் முகத்திரையல்ல; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1930–33 பஞ்சம்.

வீராங்கனையைப் பற்றிய படமெல்லாம் பெண்ணின் பார்வையில் எழுந்த படம் என்றும் கொள்ள வேண்டியதில்லை. சாதிக் ஷேர்-நியாஸ் 2014இல் எடுத்த 'குர்மான்ஜான் தத்கா', ரஷ்யப் பேரரசு அலாய் மலைப்பகுதியை இணைத்துக்கொண்ட காலத்துக் கிர்கிஸ் தலைவியைப் பற்றியது. 1895இல் தம் மகன் ஓஷ் நகரில் தூக்கிலிடப்பட்டபோதும் கிளர்ச்சி வேண்டாமென்று மக்களைத் தடுத்தவர் அவர். இன்றைய தேசத்தின் அன்னையாக அவரைப் படம் நிறுத்தும் இடத்தில், அந்தத் தாய்க்கென்று என்ன மிஞ்சியது என்று கேட்டாக வேண்டும்.

மரபை அணிமணியாகவோ ஒடுக்குமுறையாகவோ மட்டும் வாசிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. உஸ்பெக் இயக்குநர் சாதத் இஸ்மாயிலோவாவின் 'நாற்பது நாள் மௌனம்' (2014) படத்தில், மலைக்கிராமத்துப் பாட்டி வீட்டில் தங்கும் இளம்பெண் 'சில்லா' என்னும் நாற்பது நாள் மௌன விரதம் ஏற்கிறாள். வாயடைக்கப்பட்டவள் என்று அவளை எழுதிவிடுவது எளிது. அந்த மௌனமோ அவளே தேர்ந்துகொண்டது; அது நீடிக்கும் நாள்களில்தான் நான்கு தலைமுறைப் பெண்கள் சொல்லாமல் வைத்திருந்த துயரங்கள் அவ்வீட்டில் ஒவ்வொன்றாக நம் செவிக்கு எட்டுகின்றன.