ஸ்ரீரங்கப்பட்டணம்: பெங்களூரிலிருந்து ஒரு முழு நாள்

மைசூர் போகிற வழியில் அரை மணி நேரம் இறங்கிவிட்டுப் போகிற ஊராகத்தான் நம்மில் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வைத்திருக்கிறோம், எனக்கு அது மனசே ஆறாது. நம் ஸ்ரீரங்கம் போலவே காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி வரும் தீவு அது. காவிரித் தீவுகளில் இருக்கும் மூன்று ரங்கநாதர் தலங்களில் ஆதிரங்கம் அங்கே, மத்தியரங்கம் சிவனசமுத்திரத்தில், அந்தியரங்கம்தான் நம்முடையது.

காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். மைசூர் பாதையில் ஸ்டேஷன் தீவுக்குள்ளேயே இருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வழியில் மத்தூர் வடை விற்றுக்கொண்டு வருவார்கள், ஓரம் மொறுமொறுவென்று வெங்காயம் தெரிய இருக்கும், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரங்கநாதர் கோயில், ஏனென்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல் பாதத்தருகே பாருங்கள், காவேரித் தாயார் அமர்ந்திருப்பாள். அப்புறம் பக்கத்திலேயே ஆங்கிலேயக் கைதிகளை அடைத்து வைத்திருந்த கர்னல் பெய்லி நிலவறை.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்து தரியா தௌலத் பாக் போங்கள், வாடகையை முன்பே பேசிவிடுவது நல்லது. 1784இல் திப்பு கட்டிய மர அரண்மனை. அதன் மேற்குச் சுவரில் 1780இல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயரோடு நடந்த போர் முழுதாக வரையப்பட்டிருக்கிறது: வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது, நடுவில் பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பவர்தான் காலையில் பார்த்த நிலவறைக்குப் பெயர் தந்த ஆங்கிலேயத் தளபதி பெய்லி. சுவரைவிட்டு நாலடி தள்ளி நின்று, கண்ணை வரிசை வரிசையாக ஓட்டினால்தான் பிடிபடும். இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து கும்பஸ் என்கிற சமாதி மண்டபம். ஹைதர் அலி, அவர் மனைவி, 1799 மே 4இல் கோட்டை வாசலருகே விழுந்த திப்பு, மூவரும் அங்கேதான்.

வெயில் தாழ்ந்ததும் சங்கமம். பிரிந்த காவிரி மறுபடி ஒன்றாகும் இடம். படி வழுக்கும், கே.ஆர்.எஸ். அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இழுப்பு பலமாக இருக்கும், அப்போது பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். போன முறை அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "இது ஸ்ரீரங்கம் போய்ச்சேர எத்தனை நாளாகும்டா?" என்று கேட்டார்.