வெயில் காலத்தில் உதவப் போகிறோமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சித்திரை பிறந்ததும் ஊரெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திறப்பு விழா அன்று தர்பூசணியும் மோருமாகக் குவிகிறது; வெயில் உச்சத்துக்குப் போகும் மே மாதத்தில் பல பந்தல்களில் வெறும் பானைதான் மிச்சம். அகலக்கால் வைக்க வேண்டாம். அக்னி நட்சத்திரம் முடியும்வரை தினமும் பானையை நிரப்ப ஆள் பேசி வைத்துவிட்டு, அப்புறம் பந்தல் போடுங்கள். நடுப்பகலில் வரிசையில் நிற்கவைத்து அன்னதானம் செய்வதையும் காலைக்கு மாற்றிவிடலாம்.

பந்தலோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பந்தலுக்கு வருகிறவர் நடக்கத் தெம்புள்ளவர். தகரக் கூரைக்குக் கீழே தனியாகக் கிடக்கும் பெரியவர் அங்கே வரமாட்டார். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்ப அலைக்கு 700-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். நம் தெருவில் தனியாக இருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு, மனநலத்துக்கு மருந்து சாப்பிடுபவர் யார் யார் என்று முதலில் எழுதி வையுங்கள்.

போனில் விசாரித்தால் போதாது. "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பாட்டி சொல்வார். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. நேரில் போய்ப் பாருங்கள்: குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, காலையிலிருந்து சிறுநீர் போனாரா, பேச்சு குழறுகிறதா? சாயங்காலமும் ஒரு நடை போய் வருவது அவசியம். பகலெல்லாம் காய்ந்த கூரையும் சுவரும் ராத்திரியில்தான் வீட்டுக்குள் அனலை இறக்கும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அள்ளிக் கொடுத்துவிட்டு, கலக்கும் அளவைச் சொல்லாமல் வருவது இன்னொரு தவறு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு கூடிப்போய் உடம்பைக் கெடுக்கும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தெருவோரம் பூ விற்கும் அக்காவிடம் தண்ணீர் பாட்டில் நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். குடித்தால் எங்கே போவது? பக்கத்துக் கடையிலோ மண்டபத்திலோ பேசி ஒரு கழிப்பறையைத் திறந்துவிடச் செய்யுங்கள். பாட்டிலைவிட அது பெரிய உதவி. இதை யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் வேதனை.

ஒருவர் மயங்கி விழுந்தால் வாயில் சோடா ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். காய்ச்சல் மாத்திரையும் இதற்குக் கேட்காது. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது என்று விட்டுவிடக் கூடாது.

ஆஸ்பத்திரியில், அவர் எங்கே, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது முக்கியம். உயிர் போய்விட்டாலும் அந்தத் தகவல் பதிவில் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெறும் மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.