‘இது அந்தப் பாட்டு மாதிரியே இருக்கே?’ – காதால் சோதித்துப் பார்ப்பது எப்படி

மூத்த இசையமைப்பாளர் ஒருவர் ரொம்ப நாள் கழித்து ஒரு மெலடி போட்டால், கடலூரில் இரண்டு கட்சி உருவாக ஒரு பகல்கூட ஆகாது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு டீக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார்: “அண்ணே, இது அவரோட பழைய பாட்டேதான். சட்டைய மட்டும் மாத்திப் போட்டிருக்காரு.” பக்கத்தில் நிற்பவர், “போப்பா, உனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் கேக்கும்” என்பார். நான் இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். புதுப் பாட்டுக்கு நோட்ஸ் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். காலையில் திருவந்திபுரத்தில் தாலி கட்டிவிட்டுச் சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன் வைப்பவர்கள், போன வாரம் வந்த பாட்டைக்கூடக் கேட்பார்கள். அதனால் இந்தப் பஞ்சாயத்து சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வரும்.

யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு இசையமைப்பாளரின் ரசிகர்களைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் மேடை ஏற முடியாது. சோதிக்கிற வழியை மட்டும் சொல்கிறேன். தேவையானவை: போனில் ஒரு கீபோர்டு ஆப், ஒரு நோட்டு, ஸ ரி க ம எங்கே இருக்கிறது என்கிற அளவுக்கு அறிமுகம். சங்கீதம் முறையாகக் கற்றிருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு கட்டுப்பாடு. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்காதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான், அங்கேயே காரியம் கெட்டுவிடும். பழைய பாட்டு காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுப் பாட்டைப் போட்டால், ஒற்றுமையைத்தான் காது தேடும். புதுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பல்லவி ஓரளவு மனப்பாடம் ஆனதும் போனை அணைத்துவிட்டு நீங்களாக முணுமுணுங்கள். எந்த இடத்தில் உங்கள் வாய் தானாகப் பழைய பாட்டுக்குத் தாவுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு இடமாகத்தான் இருக்கும். ‘பாட்டே அதேதான்’ என்று கத்தியவர்கூட இந்த வேலையைச் செய்தால், ‘ரெண்டாவது வரி முடியிற இடம்ணே’ என்று இறங்கி வந்துவிடுவார். வழக்கு சின்னதானால்தான் தீர்க்க முடியும்.

அடுத்து, சத்தத்தை உரித்து எடுங்கள். நாற்பது ஐம்பது வருடமாகப் பாட்டு போடுகிறவருக்கு ஒரு கைவழக்கம் இருக்கும். வயலின்கள் கூட்டமாக எழுந்து வருகிற விதம், பாட்டுக்குக் கீழே தனக்கென்று ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகிற பேஸ் கிட்டார், இடையிசையில் புல்லாங்குழல், சரணத்தில் மட்டும் நுழைகிற தபலா. இதையெல்லாம் கேட்டதும் ‘எங்கேயோ கேட்டது’ என்று மனசு சொல்லிவிடும். பாடுவதும் அதே பழைய குரல் என்றால் கேட்கவே வேண்டாம். இதில் எதுவும் மெட்டு கிடையாது. வரியையும் வாத்தியத்தையும் விட்டுவிட்டுத் ‘தன்ன நன்னா’ என்று தத்தகாரத்தில் மட்டும் இரண்டு பல்லவியையும் பாடி, தனித்தனியாகப் போனில் பதிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டு பக்கமே போகாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். நமக்கு இருக்கிற நினைவுச் சுமை அவருக்கு இல்லை. டீக்கடைச் சண்டைகளில் நிறைய இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஆப்பைத் திறங்கள். பழைய பாட்டு ஆண் குரலில் ஒன்றரைக் கட்டையிலும், புதியது பெண் குரலில் ஐந்து கட்டையிலும் இருக்கலாம். கட்டை என்றால் ஸ எந்த உயரத்தில் இருக்கிறது என்கிற அளவு. இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். பாட்டு எந்தச் சுரத்தில் வந்து நிம்மதியாக உட்காருகிறதோ, பெரும்பாலும் அதுதான் ஸ. அதைக் கண்டுபிடித்துவிட்டால், எழுதும்போது இரண்டையும் ஸ ரி க ம என்றே எழுதிக்கொள்ளலாம், கட்டை வித்தியாசம் மறைந்துவிடும். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும். நோட்ஸ் எடுக்க அது வசதி.

இங்கேதான் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்கள்: “ரெண்டும் மோகனம்ணே, அப்புறம் என்ன?” மோகனம் என்பது ஸ ரி க ப த என்கிற ஐந்து சுரம் கொண்ட ராகம். அந்த ஐந்தை வைத்துத் தமிழ் சினிமாவில் எத்தனை பாட்டு வந்திருக்கிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். ராகம் ஒன்றாக இருந்தால் சாயல் இருக்கத்தான் செய்யும். பாடலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கல்லைக் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் பாடிக்கொண்டே கரையேறியது நம்ம ஊர்ப் பக்கம்தான் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அந்தச் ‘சொற்றுணை வேதியன்’ பதிகம் காந்தாரபஞ்சமப் பண். பண் என்றால் தேவாரத்தின் ராகம். சம்பந்தரின் ‘துஞ்சலும் துஞ்சலிலாத’ பதிகமும் அதே பண்தான். ஓதுவார்கள் இரண்டையும் கேதாரகௌளையில் பாடுவார்கள். பொருளும்கூட இரண்டிலும் அஞ்செழுத்துதான். இவரைப் பார்த்து அவர் போட்டார் என்று எந்தக் கோயிலிலும் யாரும் பஞ்சாயத்து வைத்ததில்லை.

சுரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒப்பிடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆப்பில் கருப்புக் கட்டைகளை மட்டும் பாருங்கள், ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரைக்கும், ஐந்துதான். மூன்று கருப்புகள் சேர்ந்திருக்கிற இடத்தில் முதலாவதை ஸ என்று வைத்துக்கொண்டு மேலே போனால் மோகனம். அது நாலரைக் கட்டை. அதே ஐந்து கருப்பையும் ஒன்றரைக் கட்டையிலிருந்து, அதாவது இரண்டு கருப்புகள் சேர்ந்திருக்கிற இடத்தில் முதலாவதிலிருந்து தொடங்கினால் சுத்தசாவேரி. அதற்கு அடுத்த கருப்பிலிருந்து சுத்த தன்யாசி. மூன்றில் நடுக் கருப்பிலிருந்து மத்யமாவதி, கடைசிக் கருப்பிலிருந்து ஹிந்தோளம். தொடுகிற கட்டைகள் மாறவே இல்லை. எங்கே உட்காருகிறோம் என்பது மட்டும் மாறியது, ஐந்து வேறு உலகம் வந்துவிட்டது. ஸ எது என்று தெரியாமல் ‘எல்லா நோட்டும் ஒண்ணுதான்’ என்று சொல்பவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். வாயடைத்துப் போவார், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது மெட்டுக்கு வருவோம். எனக்கு முக்கியமான சோதனை இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். மெட்டு என்பது சுரங்களின் வரிசை மட்டும் இல்லை. எந்தச் சுரம் எந்த எண்ணிக்கையில் விழுகிறது, வரி எங்கே நின்று மூச்சு விடுகிறது என்பதும் சேர்ந்தது. உதாரணத்துக்கு நானே கட்டிய மூன்று வரி தருகிறேன். கையால் எட்டு எண்ணிக்கை போட்டுக்கொண்டு பாடுங்கள். காற்புள்ளி வருகிற இடத்தில் சும்மா இருங்கள், அல்லது முந்தைய சுரத்தை இழுங்கள்.

ஒன்று: க ப த ப | க ரி க ,
இரண்டு: , க ப த | ப க ரி ,
மூன்று: க ப க ப | க ரி க ,

ஒன்றையும் இரண்டையும் காகிதத்தில் பார்த்தால் க ப த ப க ரி என்று ஆறு சுரம் அச்சாக அதே வரிசை. பாடிப் பாருங்கள். முதல் வரி தட்டிலேயே, அதாவது முதல் எண்ணிக்கையிலேயே, ‘க’வில் இறங்குகிறது, ஐந்தாவது எண்ணிக்கையிலும் ‘க’, முடிகிற இடமும் ‘க’. அழுத்தமான, முடிவு தெரிந்த வரி. இரண்டாவது வரி ஒரு எண்ணிக்கை விட்டு எடுக்கிறது, ஐந்தில் ‘ப’ விழுகிறது, ‘ரி’யில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வரி வந்தே ஆக வேண்டும். கேட்கிறவருக்கு இது வேறு பாட்டு. ஒன்றையும் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘த’ இருந்த இடத்தில் ‘க’ வந்திருக்கிறது. ஆனால் எடுப்பு (வரி தொடங்குகிற விதம்), தட்டில் விழுகிற சுரம், நிற்கிற சுரம் மூன்றும் மாறவில்லை. ‘நான் ஒரு நோட்டை மாத்திட்டேனே’ என்று சொல்லித் தப்ப முடியாது. ரசிகர் காது இதைத்தான் ‘அதே பாட்டு’ என்று பிடிக்கிறது, சரியாகத்தான் பிடிக்கிறது.

ஆகவே நோட்டில் இரண்டு பாட்டின் பல்லவியையும் எட்டு எட்டுக் கட்டமாக ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒன்று, ஐந்து, நிற்கிற இடம் மூன்றையும் வட்டமிடுங்கள். வட்டங்கள் இரண்டு வரிக்குத் தொடர்ந்து ஒத்துப்போனால் சந்தேகப்பட நியாயம் உண்டு. திஸ்ர நடைப் பாட்டு, அதாவது மும்மூன்றாக எண்ணுகிற பாட்டு, என்றால் ஆறாகப் பிரித்துக்கொண்டு ஒன்றையும் நான்கையும் பாருங்கள்.

கார்டுகளை (chords, சேர்த்து அழுத்துகிற சுரக் கூட்டங்கள்) பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று நாலைச் சுற்றிச் சுற்றி வாசித்தால் பாதி உலகத்தின் பாட்டைப் பாடலாம். 2023இல் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் பழைய பாட்டைக் காப்பியடித்தார் என்று போட்ட வழக்கில் இந்த மாதிரி நாலு கார்டு வரிசைதான் பெரிய விவாதம். அவர் கிட்டாரை எடுத்துச் சாட்சிக் கூண்டிலேயே வாசித்துக் காட்டினார். நியூயார்க் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

புதுப் பாட்டின் வரியைப் பழைய மெட்டில் பாடிக் காட்டி ‘பாத்தியா, அப்படியே உக்காருது’ என்று சிலர் ஜெயித்த மாதிரி சிரிப்பார்கள். சந்தம் ஒன்று என்றால் உட்காரத்தான் செய்யும். ஒரே விருத்தத்தை எத்தனை ராகத்தில் பாடிக் கேட்டிருக்கிறோம். நம் நாட்டு 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டமே வரியை வேறாகவும் இசையை வேறாகவும்தான் பார்க்கிறது. ரெக்கார்டிங் மூன்றாவது கணக்கு.

இதையெல்லாம் முடித்த பிறகும் ‘ஆமாம், ஒன்றுதான்’ என்று வந்தால்? யாருடைய பாட்டோடு ஒன்று என்று பாருங்கள். அடுத்தவர் மெட்டு என்றால் அது ஒரு கேள்வி. தன் மெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார் என்றால் முற்றிலும் வேறு கேள்வி. டீக்கடையில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். அமெரிக்காவில் ஜான் ஃபோகர்ட்டி என்று ஒரு பாடகர், பாட்டும் அவரே எழுதுவார். 1970இல் தன் பழைய குழுவோடு ‘ரன் த்ரூ த ஜங்கிள்’ பாடினார், அதன் உரிமை கம்பெனியிடம் போய்விட்டது. 1984 கடைசியில் தனியாக ‘த ஓல்டு மேன் டவுன் த ரோடு’ போட்டார். பழைய கம்பெனி கேஸ் போட்டது: உன் புதுப் பாட்டு உன் பழைய பாட்டின் காப்பி! மனுஷன் கிட்டாரோடு கோர்ட்டுக்குப் போனார். இரண்டையும் வாசித்து, இது என் பாணி, நான் எதைப் போட்டாலும் இந்த வாசனை வரும் என்பதை விளக்கினார். 1988இல் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன். அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’, 1963இல் ஷிஃபான்ஸ் என்கிற பெண்கள் குழு பாடிய ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாட்டோடு ஒத்துப்போகிறது என்று 1976இல் நீதிபதி சொன்னார். வேண்டுமென்று எடுக்கவில்லை, மனசின் அடியில் கிடந்தது தெரியாமல் மேலே வந்திருக்கிறது என்றார். அதனால் ‘அவர் சுட்டுட்டார்’ என்று சொல்வதற்கு முன்னால் இந்த வழியும் ஒன்று உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டை போடலாம். ஒத்துப்போவது வரி முடிகிற ஒரு வளைவு மட்டும், அல்லது சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற விதம் மட்டும் என்றால், அது கைவழக்கம். அதைக் குறை சொல்லக் கூடாது. அந்த வளைவுக்காகத்தானே இத்தனை வருடம் அவர் பாட்டைக் கேட்டோம். பல்லவியின் எடுப்பே இரண்டு வரிக்கு ஒத்துப்போனால் ரசிகர்களும் கட்சி கட்டாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் பல்லவிதான் திரும்பத் திரும்ப வரும், ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவதும் அதைத்தான். அங்கே புதுசாக ஒன்றும் இல்லை என்றால் சோம்பல் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு, எவ்வளவு பெரியவராக இருந்தாலும். சாயல் இருக்கிறதா என்பதும் பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்வி. முதலாவதற்கு நோட்டும் பென்சிலும் போதும். இரண்டாவதற்கு நான் வரமாட்டேன்.

தீர்ப்பைச் சொல்லும்போதும் ஒரு முறை இருக்கிறது. ‘காப்பி’ என்ற வார்த்தையை எடுத்தால் எதிரில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். ‘பல்லவி ரெண்டாவது வரி, எட்டு எண்ணிக்கை, இன்ன பாட்டோட ஒத்துப்போகுது, சரணம் வேற’ என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். மறுக்கிறவர் அந்த இடத்தைப் பாடிக் காட்டியாக வேண்டும், சத்தம் தானாகக் குறையும்.

மேடையில் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. இப்படிச் சாயல் உள்ள இரண்டு பாட்டைக் கச்சேரி லிஸ்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள். பாடகர் சரணம் முடித்துவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும்போது வேறு பாட்டுக்குள் போய்விடுவார், பின்னால் நாங்கள் ஆறு பேர் முழிப்போம். நடுவில் இரண்டு குத்துப்பாட்டாவது இருக்கட்டும். அப்புறம், இரண்டையும் ஒரே கட்டையில் வைக்காமல் ஒன்றை அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது.