விடுதிக்கு இணையத்தளம் செய்யும் தம்பி தங்கச்சிமார் விடக்கூடாத பிழைகள்

திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன் தொடங்குவதற்கு முன், சித்திரை வாக்கில், புதிதாக வெப் டிசைன் படித்த பிள்ளைகளுக்கு வேலை வரத் தொடங்கும். கெஸ்ட் ஹவுஸ்காரர், டைவிங் கடைக்காரர், புறாத்தீவுக்குப் படகு விடுபவர் என்று எல்லாருக்கும் ஒரு தளம் வேண்டும். அந்தப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பக்கங்களில், அந்தக் காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளே திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, திறக்காத இணைப்பு போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் முதலாளியின் காசைத் தின்பவை வேறு.

படத்துக்குள் எழுத்து

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். அறை வாடகை, சாப்பாட்டு விலை, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் போஸ்டராகச் செய்து, அந்தப் படத்தை அப்படியே பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஏன் என்றும் தெரியும். பலருக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழகிய கை. பாமினியில் அடித்தது நமக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாகத் தெரியும். அதற்குப் பயந்து படமாக்கிவிடுகிறார்கள். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடின் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இன்று ஆண்ட்ராய்ட், ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே வருகிறது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம் என்ன தயக்கம்?

உப்புவெளியில் ஓர் அக்கா விடுதி நடத்துகிறார். அவருடைய தளத்தில் விலைப்பட்டியல் இருந்தது நீலக் கடல் படத்தின் மேல், வெள்ளை எழுத்தில், மேலே தமிழும் கீழே ஆங்கிலமுமாக. பார்க்க அழகுதான். சீசனுக்கு வாடகையை 6,500 ரூபாயிலிருந்து 9,000 ஆக்கினார். தளத்தில் மாற்ற வழியில்லை. போஸ்டரின் மூலக்கோப்பு அதைச் செய்த பையனின் லாப்டொப்பில், பையனோ கட்டாரில். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்து போனைத் தூக்கிக் காட்டியது: 6,500. அக்கா வாக்குவாதம் செய்யாமல் அந்த விலைக்கே அறையைக் கொடுத்தார். அதற்குப் பிறகும் தளத்தைப் பார்த்து வந்தவர்களோடெல்லாம் இதே இழுபறி. அந்த நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

விலை மட்டுமல்ல. படத்துக்குள் இருக்கும் இலக்கத்தைத் தொட்டால் அழைப்புப் போகாது. பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதி பக்கத்தை மாற்றும், படத்துக்குள் இருப்பதை விட்டுவிடும். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் கேட்டால், மாற்று உரை (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் வரி) எழுதாத இடத்தில் விலை காதில் விழவே விழாது. சின்னத் திரையில் படம் சுருங்க, எழுத்து எறும்பு அளவாகிவிடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. விலையை, பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் சாதாரண அட்டவணையாகப் போடுங்கள். இலக்கத்தை அழைப்பு இணைப்பாக்கி முன்னால் +94 சேருங்கள், வெளிநாட்டு சிம் உள்ளவருக்கும் அழைப்புப் போகும். விலையை எங்கே, எப்படி மாற்றுவது என்று முதலாளியை உட்காரவைத்து அவர் கையாலேயே ஒருமுறை மாற்றச் செய்யுங்கள். இந்த வலையையே உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் தளம் வெறும் எழுத்தும் இணைப்பும்தான். அதன் பிரதியை இன்றைய போனிலும் திறக்கலாம், வரிகள் திரையின் அகலத்துக்கு மடிந்து வரும். எழுத்து எழுத்தாக இருந்ததால்தான் அது முடிகிறது.

ஓடும் படங்கள்

முகப்பில் ஐந்து படம் மாறி மாறி ஓடவேண்டும் என்று முதலாளிமார் கேட்பார்கள். கோணேஸ்வரம், கடற்கரை, திமிங்கிலம், அறை, இறால் கறி. அறை நான்காவதாக வரும், அதுவரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத் தளத்தில் எரிக் ரன்யன் என்பவர் இதை அளந்து 2013இல் வெளியிட்டார். வந்தவர்களில் ஏறத்தாழ 1 சதவீதம் பேர்தான் அந்த ஓடும் படத்தை அழுத்தியிருந்தார்கள், அதிலும் மிகப் பெரும்பாலானவை முதல் படத்தில். எனவே ஒரே படம், அதுவும் அறையின் படம். முதலாளி கோபித்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.

‘வருக வருக’ முகப்பு

எடுத்துவிடுங்கள். வந்தவர் அறை பார்க்க வந்தவர்.

கமராவிலிருந்து நேரே ஏற்றுவது

ஒரு படம் 5 எம்பி, அப்படிப் பத்துப் படம். நிலாவெளியில் பஸ்ஸால் இறங்கி, டேட்டா முடியும் நிலையில் விடுதி தேடுபவருக்கு அது திறக்கவே திறக்காது. அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற, குறைந்த இடம் பிடிக்கும் படக்கோப்பாகச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். ட்ரோன் வீடியோ கட்டாயம் வேண்டுமென்றால் தானாக ஓடவிடாதீர்கள், ஒரு பொத்தானுக்குப் பின்னால் வையுங்கள்.

ஐந்து பக்கத்துக்கு ரியாக்ட்

கற்ற வித்தையைக் காட்டும் ஆசை புரிகிறது. ஆனால் அறை, விலை, வழி, படம், தொடர்பு என்று ஐந்தே பக்கம் உள்ள தளத்துக்கு எச்டிஎம்எல்லும், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் தாராளமாகப் போதும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தில் கட்டினால் அதன் மென்பொருள் பொதிகளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், நீங்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனபின் அதைச் செய்ய ஆளிருக்காது. தளம் கட்டும் ஆயத்த மென்பொருளான வேர்ட்பிரஸ் என்றாலும் இதே கதைதான். அதில் ப்ளகின் என்ற கூடுதல் செருகு மென்பொருள் ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது, அடுத்த வருடம் அதை அப்டேட் செய்யப்போவது யார் என்று முதலாளியிடமே கேளுங்கள். பெயர் சொல்ல ஆளில்லையென்றால் அந்த ப்ளகினைப் போடாதீர்கள்.