வேலூரில் கலையும் எலக்ட்ரானிக்ஸும் கலந்து விளையாட ஆள் சேர்ப்பது எப்படி

எல்இடி பட்டையை ஆட வைப்பவர், கோடிங் எழுதிப் படம் வரைபவர், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பொம்மை செய்பவர், பழைய ரேடியோவைப் பிரித்து அதிலிருந்து விநோதமான சத்தம் எடுப்பவர், இந்த மாதிரி ஆட்கள் நம் ஊரில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள். இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது, அவ்வளவுதான். தொரப்பாடியில் ஒருவரும் காந்தி நகரில் ஒருவரும் ஒரே எல்இடி கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாக யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் யூடியூப் வீடியோவுக்குக் கீழே சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களை ஒரே மொட்டை மாடியில் உட்கார வைக்க போனில் ஏற்கெனவே இருக்கிற நாலு ஆப்பே போதும்.

பக்கம் ஆரம்பிப்பதைத் தள்ளி வையுங்கள். லோகோ போட்டு, பெயர் வைத்து, "விரைவில்" என்று ஒரு போஸ்டர் விட்டால் நண்பர்கள் லைக் போடுவார்கள், அதோடு சரி. முதலில் ஒரு நாள், ஒரு இடம், காட்டுவதற்கு ஒரு பொருள், அதைக் காட்ட ஒத்துக்கொண்ட ஒரு ஆள். இவ்வளவும் கைக்கு வந்த பிறகு இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும்.

கூட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய, நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2000-இல் நியூயார்க்கில் டோர்க்பாட் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மின்சாரத்தை வைத்து விநோதமான காரியங்கள் செய்கிறவர்கள் கூடும் இடம் என்பதுதான் அதன் முழு விளக்கம். சிலர் தாங்கள் செய்ததைக் காட்டுவார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அப்புறம் பேச்சு. அது பல நாடுகளின் ஊர்களுக்குப் பரவியதற்குக் காரணமே நடத்துவதற்கு அவ்வளவு சுலபம் என்பதுதான். அவ்வளவு தூரம் போவானேன், விழுப்புரத்தில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளின் பயனர் குழு ஒன்று வருடக்கணக்காகக் கூடி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் முடிகிறது என்றால் வேலூரில் முடியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

யாரைக் கூப்பிடுவது?

கல்லூரி மாணவர்கள் தானாக வருவார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் தேடிப் போக வேண்டியது வேறு ஆட்களை. ஆடி மாதத்தில் எந்த அம்மன் கோயில் தெருவுக்குப் போனாலும் இரண்டு மாடி உயரத்துக்கு அம்மன் எல்இடியில் கண் சிமிட்டிக்கொண்டிருப்பாள். அந்த சீரியல் செட் போட்டவரிடம் போய் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்று சொன்னால் "இன்னாது?" என்பார். ஆனால் சட்டத்தில் பல்பு பொருத்துவது, ஒயர் எந்த வரிசையில் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பது, அனிமேஷனை எஸ்டி கார்டில் ஏற்றி கன்ட்ரோலரில் ஓட்டுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இறுதியாண்டு புராஜெக்ட்டில் மாணவர்கள் ஏசி லேபில் திணறிச் செய்வதை அவர் ஜெனரேட்டர் புகையில், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் காலைக்குள் கழற்றியும் கொண்டுபோகிறார். இப்படி ஒருவர் உங்கள் முதல் கூட்டத்தில் பேசினால் அந்தக் குழுவின் ராசியே வேறு.

அவரைப் பிடிக்க லிங்க் அனுப்பாதீர்கள். போர்டின் கீழே போன் நம்பர் எழுதியிருக்கும். போர்டை ஒரு வீடியோ எடுத்து, "அண்ணா, நேத்து உங்க போர்டு பார்த்தேன், அந்தச் சக்கரம் சுத்துறது எப்படி பண்ணீங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் வரும். ஆடியில் மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், அப்போது அவருக்குத் தூங்கவே நேரமிருக்காது.

இவரைப் போலவே கல்யாண வீடுகளுக்கு எல்இடி சுவரும் டிரோனும் கொண்டுபோகும் ஸ்டுடியோக்காரர்கள், ஃப்ளெக்ஸ் டிசைனர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுபவர்கள், குடியாத்தத்தில் லுங்கிக்குக் கட்டம் முடிவு செய்பவர்கள் என்று பட்டியல் நீளும். செய்யாறு பக்கம் புரிசையில் தெருக்கூத்து இருக்கிறது. ஆனால் கூத்துக்காரரிடம் போய் கிரீடத்துக்கு எல்இடி வைக்கலாமா என்று ஆரம்பிக்காதீர்கள், முதலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூத்தைப் பாருங்கள்.

எந்த ஆப் எதற்கு

எல்லா இடத்திலும் ஒரே போஸ்டரை ஒட்டுவது வீண் வேலை. இன்ஸ்டாகிராம், புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க. ஃபேஸ்புக் செத்துவிட்டது என்று 20 வயதுக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். லைட் செட், மைக் செட், ஸ்டுடியோ முதலாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள், ஊர்க் குழுக்களில் ஒரு பதிவு போட்டால் அவர்கள் கண்ணில் படும். வாட்ஸ்அப், ஏற்கெனவே தெரிந்தவர்களை மறுபடி வரவழைக்க. இதில் பலரும் கண்டுகொள்ளாதது ஸ்டேட்டஸ். இன்ஸ்டாகிராமே இல்லாத பெரியவர்கள்கூட தினமும் ஸ்டேட்டஸ் பார்க்கிறார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் தன் ஸ்டேட்டஸில் அந்தப் படத்தை வைக்கச் சொல்லுங்கள், காசு கட்டிய விளம்பரத்தைவிட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் கட்சி. டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப் மாணவர்களுக்குப் பிடிக்கும், சீரியல் செட் அண்ணன் ஒருநாளும் அதில் வரமாட்டார், அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரண குரூப் போட்டால் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் சத்தமில்லாமல் வெளியேறுவதற்கும், சேராமலே இருப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். இரண்டாவது நாளே யாராவது ஒருவன் தனியாக "ஹாய்" அனுப்பியிருப்பான். அதனால் கம்யூனிட்டி என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினரின் நம்பர் அட்மின்களுக்குத் தெரியும், அந்த நம்பரை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அரட்டைக்குத் தனியாக ஒரு குரூப் வைத்து விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரட்டும். அங்கே குட் மார்னிங் படம், ஃபார்வர்டு, கட்சி, சாதி, ரம்மி லிங்க் எதுவும் கூடாது என்று முதல் நாளே எழுதி வைத்து, மீறினால் ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த தடவை எடுத்துவிடுங்கள். முகதாட்சண்யம் பார்த்தால் குழு ஆறு மாதத்தில் இன்னொரு குடும்ப குரூப் ஆகிவிடும்.

அறிவிப்பை எழுதும் விதம்

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

"வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவர்களுக்கு. வரும் ஞாயிறு மாலை 4.30. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்து வரும் தூரம், மேப் கீழே. ஒருவர் லுங்கிக் கட்டத்தைக் கோடிங்கில் வரைந்து காட்டுகிறார். இன்னொருவர் சீரியல் செட் கன்ட்ரோலரைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிறார். லேப்டாப் வேண்டாம், போன் போதும். கோடிங் தெரியாதவர்களும் வரலாம். கட்டணம் இல்லை, டீ அவரவர் காசு. 6.30-க்கு முடிந்துவிடும்."

பார்த்தீர்களா, இதில் "புதுமை", "எதிர்காலம்", "இணைந்து பயணிப்போம்" எதுவும் கிடையாது. என்ன காட்டப் போகிறார்கள் என்பதைப் பச்சையாகச் சொன்னால்தான் ஆள் வரும். பஸ் ஸ்டாப் பெயர் கட்டாயம், நம் ஊரில் மேப்பைவிட சில்க் மில், ஓடைப் பிள்ளையார் கோயில், கிரீன் சர்க்கிள் என்று சொன்னால்தான் வழி புரியும். முடியும் நேரத்தைப் போடுவது இன்னும் முக்கியம். குடியாத்தத்திலிருந்து வரும் பெண் வீட்டில் அதைக் காட்டித்தான் அனுமதி வாங்குவாள். போட்ட நேரத்துக்கு முடித்தும் விடுங்கள்.

கிழமையை மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் நாலு பேர் வந்தாலும் இரண்டாவது ஞாயிறுதான். சென்னைக்கு ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள் நம்மிடம் அதிகம், அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை 4.30-க்கு வேலூர் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது, அப்போது மட்டும் நேரத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது உள்ளே இடம் தேடுங்கள். சத்துவாச்சாரியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, ஊரில் மாவட்ட மைய நூலகமும் இருக்கிறது. கடிதம் எழுதி நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள், மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வருகிறேன் என்று தம்ஸ்அப் போட்டவர்களை எண்ணி டீ சொல்லாதீர்கள்.

கூட்டம் இல்லாத நாட்களில் என்ன போடுவது

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் தூங்கிவிடுகின்றன, அல்லது "உலகை மாற்றிய பத்து கண்டுபிடிப்புகள்" மாதிரி யாருக்கும் தேவையில்லாததை எடுத்துப் போடுகின்றன. ஒரே ஒரு வழி சொல்கிறேன்: குழுவில் யாரோ கேட்ட சந்தேகத்தை எடுத்து, பதிலோடு பொதுவில் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு மீட்டருக்கு 60 எல்இடி இருக்கும் டபிள்யூஎஸ்2812 பட்டையை (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றலாம்) ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் மாட்டி, கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்தே கரன்ட் எடுத்து, முழு வெள்ளையில் எரியவிட்டால் நிறம் மங்கிப் போகும், ஆர்டுயினோ தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஏன்? ஒரு எல்இடி முழு வெளிச்சத்தில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், ஒரு மீட்டருக்கு 3.6 ஆம்பியர். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதோ அரை ஆம்பியர். தனியாக 5 வோல்ட் பவர் சப்ளை வைத்து, அதன் கிரவுண்டையும் (மைனஸ் ஒயர்) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். இதைத் தமிழில், ஒயரைக் கையால் வரைந்த படத்தோடு போடுங்கள். இதே சிக்கலில் மாட்டிய யாரோ ஒருவர் வாணியம்பாடியில் ராத்திரி பதினோரு மணிக்குத் தேடிக்கொண்டிருப்பார், அவர்தான் உங்கள் அடுத்த உறுப்பினர்.

செய்து காட்டும் வீடியோவும் அப்படித்தான். பி5.ஜேஎஸ் என்று ஒரு இலவச நிரல் தொகுப்பு 2013-இல் வந்தது, அதற்கு முன்னோடி 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த புராசெசிங். படம் வரைபவர்கள் கோடிங் எழுதிப் பழகவே உருவாக்கப்பட்டவை. பி5.ஜேஎஸ் பிரவுசரிலேயே ஓடும் என்பதால் போனில்கூடச் செய்யலாம். அதில் ஒரு லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) நெடுக்குக் கோடு, இன்னொரு லூப்பில் குறுக்குக் கோடு, நிறத்தைக் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி வைத்தால் லுங்கிக் கட்டம் தயார். குடியாத்தத்தில் தறி வேலை தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டி "இது சரியா?" என்று கேட்டு, அவர் "இந்தக் கரை இப்படி வராதே" என்று திருத்துவதை அப்படியே அவர் சம்மதத்தோடு ரீல்ஸாகப் போடுங்கள். பாட்டு, எஃபெக்ட் எதுவும் தேவைப்படாது. இன்ஸ்டாகிராமில் கொலாப் என்று ஒரு வசதி உண்டு, ஒரே பதிவு உங்கள் பக்கத்திலும் அவருடைய பக்கத்திலும் வரும். ஸ்டுடியோக்காரருக்கும் டிசைனருக்கும் அதனால் வாடிக்கையாளர் வந்தால், அடுத்த தடவை நீங்கள் கூப்பிடாமலே வருவார்கள்.

மொழி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. முதலில் தமிழ், கீழே இரண்டு வரி ஆங்கிலம். விஐடியில் படிக்கும் வெளிமாநில மாணவர்களுக்கு அந்த இரண்டு வரி போதும், ஆட்டோ டிரான்ஸ்லேட் இருக்கிறது. தலைகீழாகப் போட்டால் தமிழ் மட்டும் தெரிந்தவர் "இது நமக்கில்லை" என்று தள்ளிக்கொண்டு போய்விடுவார், அவர் திரும்பி வருவது கஷ்டம்.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆற்காடு ராணிப்பேட்டையில். வேலூர் என்று மட்டும் வைத்தால் அவர்களுக்கு ஒட்டாமல் போகலாம், "வட ஆற்காடு" என்றால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் ஒரு கல்லூரியின் பெயர் அதில் வேண்டாம்.

எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்க முடியாது, சரி, பாருங்கள். ஆனால் ஃபாலோயரை விட்டுவிட்டு, இரண்டாவது தடவையாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது ஏறவில்லை என்றால் சிக்கல் போஸ்டரில் இருக்காது, கூட்டத்தில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் ஆள் சேர்ந்ததும் யாராவது "கோட்டைச் சுவரில் புரொஜெக்ஷன் மேப்பிங் பண்ணி ரீல்ஸ் போடலாம், தீயா போகும்" என்பார். சுவரின் வடிவத்துக்கு ஏற்ப படத்தைப் பாய்ச்சுவதைச் சொல்கிறார். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் புரொஜெக்டரோ டிரோனோ கொண்டுபோகக் கூடாது. ஆசையாக இருந்தால் உறுப்பினர் யாருடைய வீட்டு வெள்ளைச் சுவரிலாவது செய்யுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு.

கடைசியாக மாணவர்கள். நாலு வருடத்தில் போய்விடுவார்கள், செமஸ்டர் லீவில் காணாமல் போவார்கள். வேலையை உற்சாகமாகச் செய்பவர்களும் அவர்கள்தான், அதனால் செய்யட்டும். ஆனால் இன்ஸ்டாகிராம் கணக்கை ஒரு மாணவரின் சொந்த நம்பரில் திறக்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு ஜிமெயில், அதன் ரெகவரி நம்பர் ஊரிலேயே கடை வைத்திருக்கும் ஒருவருடையது, வாட்ஸ்அப்பில் குறைந்தது மூன்று அட்மின், அதில் ஒருவராவது பெண், ஒருவராவது மாணவர் அல்லாதவர். டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு) போட்டால் வரும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து அந்தக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.