லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் வேகத்தைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்க் மெதுவாக இருப்பதாகத் தோன்றியவுடன், அளந்து பார்க்காமலே அமைப்புகளில் கை வைப்பதுதான் முதல் தவறு. அளப்பவர்களும் எதை அளக்கிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. டிஸ்க்கை அளக்கவும் அதன் அமைப்புகளை மாற்றவும் உதவும் ஹெச்டிபார்ம் (hdparm) கட்டளையில் பெரிய எழுத்து ‘டி’ (-T) நினைவகத்திலுள்ள கேஷிலிருந்து, அதாவது தற்காலிகச் சேமிப்பிலிருந்து, படிக்கும் வேகத்தைக் காட்டும். டிஸ்க்கின் வேகத்தைக் காட்டுவது சிறிய எழுத்து ‘டி’ (-t) மட்டுமே. தரவை நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையால் கோப்பு எழுதிச் சோதிக்கும்போதும், இறுதியில் தரவை டிஸ்க்குக்கு அனுப்பி முடிக்கும்படி எஃப்டேட்டாசிங்க் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், திரையில் தெரியும் எண் பெரும்பாலும் நினைவகத்தின் வேகமாகவே இருக்கும்.

மின்சேமிப்பு அமைப்பில் நேரும் தவறுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது, ஏனெனில் அது டிஸ்க்கின் ஆயுளையே குறைக்கிறது. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் டிஸ்க் சுழற்சியை நிறுத்த வேண்டும் என்று குறிக்கும் ஹெச்டிபார்மின் பெரிய எழுத்து ‘எஸ்’ (-S) விருப்பத்தில் 5 என்று கொடுப்பவர் ஐந்து நிமிடம் என்று நினைக்கிறார். 1 முதல் 240 வரையிலான எண்கள் ஐந்து நொடிகளின் மடங்கு என்பதால், டிஸ்க் 25 நொடிகளிலேயே சுழற்சியை நிறுத்திவிடும். 240 என்றால் 20 நிமிடம். 241 என்றால் நேரே 30 நிமிடம். மின்சேமிப்பின் அளவைக் குறிக்கும் பெரிய எழுத்து ‘பி’ (-B) விருப்பத்தில் மிகக் குறைந்த எண்ணைக் கொடுத்தால், பல டிஸ்க்குகளில் படிக்கும் முனை அடிக்கடி ஒதுங்கித் திரும்பும். 3 லட்சம் முறை ஒதுங்கத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட டிஸ்க்கில் அது நிமிடத்துக்கு இருமுறை நடந்தால், சுமார் 104 நாட்களில் அந்த வரம்பு தீர்ந்துவிடும். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை காட்டும் 193ஆம் பண்பில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கலாம்.

பழைய குறிப்புகளை அப்படியே நகலெடுப்பதும் பயன் தராது. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் சிஎஃப்க்யூ (CFQ) ஷெட்யூலர், லினக்ஸின் மையமான கெர்னலின் 5.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது; கோப்பைப் படித்த நேரத்தை ஒவ்வொரு முறையும் எழுதாமல் தவிர்க்கும் ரிலேட்டைம் (relatime) 2.6.30 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது.

வேகத்துக்காக இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையை மவுன்ட் செய்யும்போது, எழுதும் வரிசையைக் காக்கும் பேரியரை அணைக்கவே கூடாது. எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் டிஸ்க்கின் ரைட் கேஷ் இயங்கும் நிலையில் மின்சாரம் தடைப்பட்டால், மாற்றங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் ஜர்னல் எழுதப்படும் வரிசை குலைந்து கோப்பு முறைமையே சிதையக்கூடும்.

மறுதொடக்கத்துக்குப் பின்னும் அமைப்பு நிலைக்க வேண்டுமென்று சாதனங்களைக் கண்டறிந்து அமைக்கும் யுடெவ் (udev) விதி எழுதுவோர், டிஸ்க்குக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ (sda) போன்ற பெயரை நம்பக் கூடாது. இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்தால் பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதால், டிஸ்க்கின் வரிசை எண்ணைக் கொண்டே விதியை எழுத வேண்டும்.