வட தாய்லாந்தில் ரயில் பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

பாங்காக்கிலிருந்து சியாங் மாய் வரை ரயில் பாதை 751 கிலோமீட்டர். மாலையில் ஏறிப் படுத்து, காலையில் சியாங் மாயில் கண் விழிப்பதுதான் பலரின் வழக்கம். ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம்தான். ஆனால் பிட்சானுலோக், டென் சாய், லம்பாங் எல்லாம் தூக்கத்திலேயே கடந்துவிடும். அமைதியான சிற்றூர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இரவு வண்டி சரிப்படாது.

சரி, காலையில் கிளம்பும் டீசல் வண்டியில் ஏறினால் போதுமா? அதுவும் பாதிதான். முதல் பல மணி நேரம் தட்டையான நெல்வயல்கள். உத்தரதித் தாண்டிய பிறகுதான் மலை தொடங்குகிறது. குளிர்காலத்தில், லம்பாங்கைத் தாண்டி வரும் குன் தான் மலையை நெருங்கும்போது இருட்டிவிடும். அதனால் லம்பாங்கில் இறங்கித் தங்குங்கள். மறுநாள் பகலில் வரும் சாதாரண வண்டியில் மூன்றாம் வகுப்பில் ஏறி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குன் தான் சுரங்கத்தின் நீளம் 1,352 மீட்டர். 1907இல் தொடங்கிய வேலை 1918இல்தான் முடிந்தது. உள்ளே போனதும் பேச்சு காதில் விழாது, டீசல் புகை முகத்தில் அடிக்கும். வெளியே வந்ததுமே குன் தான் நிலையம். சுரங்க வேலையை நடத்திய ஜெர்மன் பொறியாளர் எமில் ஐசன்ஹோஃபரின் நினைவுச்சின்னம் சுரங்க வாயருகே இருக்கிறது.

லம்பாங்கில் குதிரை வண்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புவதும் தவறுதான். ஊருக்கு வெளியே சுமார் 18 கிலோமீட்டரில் வாட் பிரா தாட் லம்பாங் லுவாங் என்ற பழைய கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன இருட்டுக் கட்டடத்துக்குள், கதவிடுக்கு வழியாக வரும் வெளிச்சத்தில் வெளியே நிற்கும் ஸ்தூபி தலைகீழாகத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் பெண்களை விடுவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காட் கோங் தா கடைத்தெருவுக்காகத்தான் லம்பாங் போகிறீர்கள் என்றால் சனி, ஞாயிறு மாலையாகப் பார்த்துப் போங்கள். வாரநாளில் அது வெறும் பழைய வீடுகள் உள்ள தெரு. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் கடை தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அப்புறம், வரைபடத்தில் ஊர் இருந்தால் நிலையமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தேக்கு மாளிகைகளுக்குப் பேர்போன பிரே நகருக்கு ரயில் கிடையாது. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டென் சாயில் இறங்கி, சொங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டியில் போக வேண்டும். இருட்டிய பிறகு இறங்கினால் வண்டி கிடைப்பது சந்தேகம். சுகோதாய்க்கும் இதே கதை, பிட்சானுலோக்கிலிருந்து பேருந்துதான். பாங்காக்கிலேயே நிலையம் மாறிப் போகிறவர்களும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து வடக்கே போகும் விரைவு வண்டிகள் ஹுவா லம்போங்கிலிருந்து கிளம்புவதில்லை, குருங் தேப் அபிவாட்டிலிருந்துதான்.

மார்ச் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வயலும் காடும் எரியும் புகையில் மலையே தெரியாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் பண்டிகை. டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். வண்டிகள் தாமதமாவது சகஜம் என்பதால், சியாங் மாயில் இறங்கும் அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால், சியாங் மாய்க்கு 22 கிலோமீட்டர் முன்னால் உள்ள லம்பூனில் இறங்கி ஹரிபுஞ்சய் கோயிலையும் பார்த்துவிடலாம்.